உள்ளங்கை அளவு கிருஷ்ணன்

மாதுங்காவில் அண்ணாவுக்கு அவன் கம்பெனி கொடுத்திருந்த வீட்டில், அவனோடும் மன்னியோடும், பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்த நானும் இருந்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை. அறுபதுகளின் நடுவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அண்ணாவுக்கு வேறு வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. செம்பூரில் ஒரு அறை காலியாக இருந்தது. அதற்குப் பகடி கேட்டார்கள். வாடகைக்கு மேல் மொத்தமாகக் கொடுக்கிற, திரும்பி வராத பணம். கொடுக்க முடியாவிட்டால் ஊருக்கு வெளியே, ரயிலில் வெகுதூரம் தள்ளி டோம்பிவிலிக்குப் போக வேண்டும்.

வீட்டில் விலை போகக்கூடியதாக இருந்தது மன்னியின் கிருஷ்ணன் படம் மட்டும். மன்னியின் அப்பா வடக்கே ஒரு சமஸ்தானத்தில் கணக்கராக இருந்தவர். அங்கே வெகுமதியாக வந்த படம் கல்யாணத்தில் மன்னியோடு வந்தது. உள்ளங்கை அளவு காகிதம். தவழும் குழந்தை, கவிழ்ந்த வெண்ணெய்ச் சட்டி, திரும்பிப் பார்க்கும் பசு. பசுவின் இமை மயிரைக்கூடத் தனித்தனியாகத் தீட்டியிருந்தார்கள். மன்னிக்குக் குழந்தை இல்லை. சாயங்காலம் அந்தப் படத்தின் முன்னால் விளக்கேற்றி ஒரு கரண்டி பால் வைப்பாள். மற்றப் படங்களுக்கு நமஸ்காரத்தோடு சரி.

பழைய படங்கள் வாங்கி விற்கும் குஜராத்திக்காரர் ஒருவரை அண்ணா அழைத்து வந்தான். அவர் செருப்பை வெளியே விட்டு வந்தார். படத்தின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹிந்தியில் பேசினார்.

"எல்லாம் எண்ணெய்ப் புகை. நீலம் பழுப்பாயிடுச்சு. இன்னும் கொஞ்ச வருஷம் இப்படியே வச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சாது."

மன்னிக்குத் தெரிந்தது காய்கறிக்காரனிடம் பேசும் ஹிந்தி. அதில் கேட்டாள். "உங்ககிட்ட வந்தா யார் விளக்கேத்துவா?"

"விளக்கா? வெளிச்சமே ஆகாது, பெஹன்ஜி. வாங்குறவர் டிராயர்ல வச்சுப் பூட்டிடுவார். எப்பவாவது எடுத்துப் பார்ப்பார். இருட்டுலதான் இது பிழைக்கும்."

அவர் விலையைச் சொல்லி, சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விலை பகடிக்குப் போதுமானது. மன்னி கண்ணாடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றே?" என்றான் அண்ணா.

"நான் என்ன சொல்றது? போறவன் அவன். அவனையே கேட்டுடலாம்."

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. என் பத்திரிகையிலிருந்தே இரண்டு துண்டு கிழித்து, ஒன்றில் மல்லிகையும் ஒன்றில் சிவப்பு அரளியும் மடித்துப் படத்தின் முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். அவளுக்குச் சந்தேகமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சமையலறையில் பால் கரண்டியை முன்கூட்டியே கழுவி வைத்திருந்தாள்.

"நீ எடு," என்றாள் என்னிடம். "நீதான் எதையும் நம்பாதவன். உன் கையில பாரபட்சம் இருக்காது."

"நன்னாருக்கு. நேத்துப் போட்டதுக்கு இன்னிக்குத் திருத்தம் போடறவன் கை," என்றான் அண்ணா.

நான் எடுத்த பொட்டலத்தில் மல்லிகை இருந்தது.

அண்ணா பெருமூச்சு விட்டான். "பாரு, அவனே சம்மதிச்சுட்டான்."

"சம்மதிக்கலை," என்றாள் மன்னி. "போறேங்கறான். ரெண்டும் வேற."

அன்று சாயங்காலம் அவள் படத்தின் முன்னால் விளக்கேற்றவில்லை. படத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, மர அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினாள். அண்ணா ஏன் என்று கேட்டான்.

"இருட்டு பழகட்டும். திடீர்னு பூட்டினா பயந்துப்பான்."

அண்ணா வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். நான் ஷிப்டுக்குக் கிளம்பினேன். சனிக்கிழமை வரை அந்தக் கதவு திறக்கவில்லை. மன்னி உடுத்தியிருந்த புடவையையே துவைத்து, காயவைத்துக் கட்டிக்கொண்டாள்.

வியாபாரி வந்து சுற்றைப் பிரித்துப் பார்த்தார். அலமாரியில் வைத்திருந்ததற்காக மன்னியைப் பாராட்டினார். பணத்தை அண்ணாவிடம் கொடுத்துவிட்டு, நல்ல மனிதராகவே, ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டுமா, பூஜைக்கு ஆகுமே என்றார்.

"வேண்டாம். அவன் அங்க இருட்டுல இருக்கறச்சே போட்டோவுக்கு எதுக்கு விளக்கு?"

மன்னி இதைத் தமிழில் சொன்னாள். அண்ணா ஹிந்தியில் வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

செம்பூர் அறைக்குப் போன வாரத்தில் அண்ணா வெண்ணெய்க் கிருஷ்ணன் அச்சிட்ட காலண்டர் ஒன்றை வாங்கி வந்தான். மன்னி மறுக்கவில்லை. அதைச் சமையலறை ஆணியில் மாட்டி, பால்காரர் வராத நாட்களைப் பென்சிலால் சுழித்துக்கொண்டு வந்தாள்.