அண்ணனுக்கு நான் விடுத்த எச்சரிக்கை

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் என் அண்ணன் ஜலகண்டாபுரத்தில் துணிக்கடை வைத்திருந்தார். நானும் அம்மாவும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தோம். தம் மனைவியை உறவினர் முன்னிலையில் அம்மா கடிந்துகொண்டாள் என்பதற்காக ஈராண்டுகளாக அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நோன்புப் பெருநாளன்று தேடிப்போன அம்மாவைக் கதவைத் திறக்காமலே திருப்பியனுப்பினார்.

அடுத்த ரமலானில், அசரத்து என்று நாங்கள் அழைத்த இமாம் பள்ளிவாசலில் பயான் என்னும் உரை நிகழ்த்தினார். பாவங்கள் பலவற்றுக்கு உரிய தண்டனை மறுமைவரை தள்ளிவைக்கப்படலாம். அநீதி இழைப்பதற்கும், பெற்றோரை நோவிப்பதற்கும், உறவை முறிப்பதற்கும் அது இம்மையிலேயே விரைந்து வந்துசேரும் என்றார். அவ்வுரையிலிருந்து நான் அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அண்ணனை அழைத்துவர அதுவே போதும் என்று எண்ணி, மறுநாளே அவர் கடைக்குச் சென்றேன்.

"என்னடா, அசரத்துக்கு ஒடம்பு முடியலியா? நீ பயான் பண்ணக் கெளம்பிட்டே" என்று துணியை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. பெத்தவங்க மனசு நொந்தா, அதுக்கான தண்டன உங்க கண்ணு முன்னாலயே வந்துருமுங்க."

அப்போது அவருடைய ஐந்து வயது மகள் கடைக்குள் ஓடிவந்தாள். அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார்.

இருபது நாளில் அக்குழந்தை குளிர்காய்ச்சலில் இறந்தது. அம்மாவும் நானும் விரைந்தோம். அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"ஏம்மா, சாபம் விட்டு ஏசுறதுன்னா என்னையத்தானே ஏசியிருக்கணும்? பச்சப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"நான் ஏசலே கண்ணு. அல்லா மேல ஆணையா, ஒரு நாளும் ஏசலே."

"பொய் சொல்லாதீங்க. உங்க சின்ன மவன் வந்து முன்னாடியே சொல்லிட்டுப் போனான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலைகுனிந்தேன்.

ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பதில்லை, பிள்ளையின் சாவைத் தண்டனை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்று இமாம் எனக்கு விளக்கினார். அவ்வெச்சரிக்கை அவரவர் தம்மைக் குறித்து அஞ்சுவதற்கே உரியது என்றும் சொன்னார். அவற்றையெல்லாம் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அம்மாவோ, தொழுகைக்குப் பின் இறைஞ்சும்போது அண்ணன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். தன் வாயிலிருந்து வருவது நல்வாக்கேயானாலும் அவர்மீது பழுதாய்ப் போய் விழுமோ என்று அஞ்சினாள்.

மறு ஆண்டு அவள் இறந்தாள். அண்ணன் வந்தார், கூட்டத்துக்கு அப்பால் தனியே நின்றார். இறந்தவரின் குறைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுமாறு, அடக்கத்துக்கு முன் வந்திருப்போரிடம் மூத்த மகன் கேட்பது எங்கள் வழக்கம். அவர் முன்வராததால் நானே கேட்டேன். "பொருந்திக்கிட்டோம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் உதடுகளை இறுக மூடியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தவாறே இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க வாய் திறந்தபோது, நேரமாகிறது, தூக்குங்கள் என்றார் இமாம்.