புளியமரத்துக் குழாயும் என் வீட்டு மொய்யும்

மைக்செட் தொழிலில் என்னைப் போல ஒரு மடையன் திருச்சுழி வட்டாரத்தில் கிடையாது. மற்றவன் ஆம்ப்ளிஃபயரைக் கருக்கியிருப்பான், குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிப் பூசாரியிடம் ஏச்சு வாங்கியிருப்பான். நான் என் குடும்பத்தையே ஊருக்கு ஒலிபரப்பினேன். அதுவும் வாடகை வாங்காமல்.

பாட்டுப் போடுவதோடு என் வேலை முடியாது. காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வைத்தவர் பேரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பேன். "பந்தல்குடி பால்கடை மாமா ஐநூறு! மாமா, பால்ல ஊத்துற தண்ணிய இதுலயும் ஊத்திட்டீகளே!" கூட்டம் சிரிக்கும். போன வீட்டில் எல்லாம் நானும் மொய் வைத்தேன். பாங்கியில் போட்டால் வட்டிதான் வரும், ஊரில் போட்டால் கறிச்சோறும் சேர்ந்து வரும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மொட்டை

என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. அந்த அட்டை தியேட்டர் வரைக்கும் துணைக்கு வந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டது. அப்புறம் ஸ்கேன், வெளியில் எழுதிக்கொடுத்த மாத்திரை, பஸ், சாப்பாடு எல்லாம் எங்கள் பாடு. காதில் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது. கடைசியாக டாக்டர் ஒரு ஊசி சொன்னார். அட்டையில் வராது, வெளியில்தான் வாங்க வேண்டும், நாளைத் தள்ளக் கூடாது.

விலையைக் கேட்டதும், "சார், இது ஊசிக்கா, ஊசி செய்யிற கம்பெனிக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முந்தைய ஊசிகளில் அவள் முடி கொட்டிவிட்டது. நான் அந்தத் தலையில் சந்தனத்தை அப்பி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து முடியிறக்கினோம் என்று சொல்லிவிட்டேன். ஊரும் நம்பியது. "மதினிக்கு என்னா பக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும்தான் கொண்டுவருவார்கள். மொய் விசேஷத்துக்குத்தான் வரும். விசேஷம் இல்லாமல், வைத்த மொய்யைத் திருப்பிக் கேட்கிறவனை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். ஆகவே ஊசி போட எனக்கு ஒரு விசேஷம் தேவைப்பட்டது.

கொட்டகைக்குப் பால் காய்ச்சியது

பேரனுக்கு ஏற்கெனவே காது குத்தியாகிவிட்டது. அவனுக்கு மூன்றாவது காது கிடையாது. யோசித்துப் பார்த்து, ஸ்பீக்கர் பெட்டி அடுக்குகிற தகரக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, மாவிலை கட்டி, 'புதுமனை புகுவிழா' என்று பத்திரிகை அடித்தேன்.

"கொட்டகைக்கா பால் காய்ச்சப் போறீக?" என்றாள் பஞ்சவர்ணம்.

"நீ சந்தனத்தைப் பூசிக்கிட்டு வாசல்ல நின்னு கும்பிடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"நான் நிப்பேனாங்க?"

"கல்யாணத்தன்னைக்கு முழுக்க நின்னேல்ல?"

அப்போது அவளுக்கு என்ன வயசு, இப்போது என்ன உடம்பு என்று யோசிக்கிற மூளை எனக்கு இல்லை. கறிக்கும் அரிசிக்கும் கடன் சொல்லி அடுப்பு மூட்டினேன். குழாயை வாசல் புளியமரத்து உச்சியில் கட்டினேன். மைக்குக்கு வேறு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று நானே பிடித்தேன்.

ஸ்விட்ச்

முதல் பந்தி நன்றாகத்தான் போனது. நானும் வழக்கம் போல ஆளுக்கொரு குத்தல் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பஞ்சவர்ணம் வாசலை விட்டு மேசைக்கு வந்தாள்.

"தல சுத்துதுங்க. உள்ள போயி செத்த படுத்துக்கிறவா?"

மைக்கை அணைத்து மேசையில் வைத்தேன். அணைத்ததாக நினைத்து வைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

"கிறுக்கச்சி, இன்னும் ஊசிக்குப் பாதி கூடத் தேறல. இப்ப நீ படுத்தேன்னா கேன்சர்னு தெரிஞ்சு போகும், அம்புட்டுப் பேரும் மொய்ய மடியில முடிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்கே. இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அப்பிக்கிட்டு நில்லு."

'நில்லு' என்று புளியமரத்து உச்சியிலிருந்து யாரோ சொன்னார்கள். யாரோ இல்லை, நான்தான். குழாய் கண்மாய்ப் பக்கம் திரும்பி இருந்தது. கண்மாய்க்கரை அதை இன்னொரு தடவை சொன்னது.

பந்தியில் சோற்றைப் பிசைந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பஞ்சவர்ணம் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், செம்பில் மோந்து, அத்தனை பேர் பார்க்கத் தலையில் இருந்த சந்தனத்தைக் கழுவினாள். சேலையால் மூடிக்கொள்ளக்கூட இல்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பந்திக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மேசை முன்னால் நின்றவன் பஞ்சவர்ணத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன், என் மச்சான் சோலை. அவன் வீட்டு மூன்று விசேஷத்துக்கும் நான் மொய் வைத்திருக்கிறேன். நீட்டிய ரூபாயை மெதுவாகச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தான்.

"நோய்க்கு மொய் வைக்கக் கூடாது மாப்ள, ஆகாது. நாளைக்குத் தங்கச்சியப் பாக்க வாரோம்."

"கறிய ரெண்டு தடவ வாங்கித் தின்னியே மச்சான், அது ஆகுமா?"

"அது வீட்டுக்குப் பால் காய்ச்சுனதுக்குத் தின்னது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பின்னால் வரிசையும் போனது. அடுத்த பந்திக்குப் போட்ட இலைகள் காற்றில் பறந்தன.

சாத்துக்குடி

சொன்ன சொல் தவறாமல் மறுநாளே பார்க்க வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே, அடுப்படியில், பால் காய்ச்சிய கொட்டகையில் எங்கு பார்த்தாலும் சாத்துக்குடி. "எதுக்கும் கவலப்படாதீக" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். விழுந்த மொய் கறிக்கடைக்கும் சமையல்காரருக்கும் சரியாகப் போய்விட்டது. முதலில் வைத்தவர்கள் மட்டும் விவரமானவர்கள். எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்களாம். இனி அவர்கள் விசேஷத்துக்கு நான் போட வேண்டுமாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்லுவேன். ஸ்விட்சைத் தள்ளினால் போதாது, லைட்டு அணைந்ததா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் ஒருத்தி தலை சுத்துகிறது என்று சொன்னால், கையில் மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் அவளைப் படுக்க விட வேண்டும். பஞ்சவர்ணம் இப்போது நடமாடுகிறாள், தலையில் முடியும் வருகிறது. என்னிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் மட்டும் பக்கத்தில் மைக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.

அந்த ஊசியை நான் செட்டை விற்றுத்தான் போட்டேன். கண்மாய்க்கு அந்தப்பக்கத்து ஊரில் புதிதாகத் தொழில் ஆரம்பித்த செல்வம் லோடு ஆட்டோவோடு வந்தான். ஆம்ப்ளிஃபயர், பெட்டிகள் எல்லாம் ஏற்றினான். மரத்தில் ஏறிக் குழாயையும் அவனே அவிழ்த்தான். கேட்ட விலையில் பாதிதான் கொடுத்தான். ஊசி தேதி நெருங்கிவிட்டதால் வாங்கிக்கொண்டேன். என்ன இருந்தாலும் தொழில்காரன் இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை.

"குழாயில ஒரு கோளாறும் கெடையாது தம்பி. வேணும்னா கனெக்‌ஷன் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துக்க."

"வேணாண்ணே. அன்னைக்கே எங்க ஊர் வரைக்கும் கேட்டுச்சு."