நாளைக்கு வந்தால் யாருக்கு இலை

வல்லத்திராக்கோட்டைச் சாலையில் முதன்முதலில் வாடகைச் சைக்கிள் கடை போட்டவன் நான். அப்புறம் மாவு மில், செங்கல் காளவாசல், அரிசி ஆலை, பொன்னமராவதி வரைக்கும் நெல் ஏற்றிப்போன லாரி, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை. பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவனும் நான்தான். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் செய்தது. யார் தயவிலும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான், நான் பயந்து செத்த ஒரு வாரத்தைப் பற்றியும் எழுதுகிறேன். சைக்கிள் கடைக்காரனாக மட்டும் இருந்த காலத்தில் நடந்தது அது.

நயா பைசா வந்த புதிது. சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஐயா ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். மழையை நம்பிய ஏழை ஊர்களில் சனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், யார் ஊரைவிட்டுப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, மார்போடு அணைத்த ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். வாடகைக்குச் சைக்கிள் கேட்டார். எடுத்துக் கொடுத்தபிறகுதான், அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று தெரிந்தது. கேரியரில் உட்காரவைத்து நானே மிதித்தேன். வெயிலில் பத்து வீடு, பதினைந்து வீடு. ஊரில் அவருக்குக் "கேள்வி ஐயா" என்று பேர் விழுந்துவிட்டது. கேள்வி ஐயாவுக்கு நான் வண்டி, வழிகாட்டி, துபாஷி எல்லாம். அவர் பேசியது தமிழ்தான், ஆனால் எங்கள் சனங்களுக்குப் பாதி புரியாது.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லிவிட வேண்டும். கண்மாய் மடை இடிந்து வருஷக்கணக்காகக் கிடந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. வயலை நம்பிப் பயனில்லை என்று ஆம்பிளைகள் இலங்கைக்குப் போனார்கள். முன்னெல்லாம் தலைமுறையாகப் போய்வந்த பாதைதான் அது. சுதந்திரத்துக்கப்புறம் கடவுச்சீட்டு, அனுமதி என்று ஆகிவிட்டது. சீட்டுக் கிடைக்காதவர்கள் கட்டுமாவடிப் பக்கம் போய்த் தோணி ஏறினார்கள். கள்ளத்தோணி என்று பேர். பிடித்தால் ஜெயில். என் அண்ணனும் அப்படிப் போனவர்தான். அதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வெளியாள் யார் வந்து "வீட்டுக்காரர் இருக்காரா" என்று கேட்டாலும் தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு "இல்லீங்க" என்பார்கள். போயிருக்கிறார் என்றால் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். "இல்லீங்க" என்றால் பேச்சு வாசலோடு முடிந்தது.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார். கேள்வி ஐயா அவருக்கு நேரே சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டார். அடுத்தது எங்கள் வீடு. என் மதினி கதவோரம் நின்று வழக்கம்போல "இல்லீங்க" என்றார். ஐயா தலையைத் தூக்காமல், ரொம்ப வருத்தத்தோடு, அதே சிலுவையைப் போட்டார்.

நான் பார்த்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் குறி தெரியாதா? ஐயாவைத் திருத்தத்தான் போனேன். செத்தவனை எந்தப் போலீஸ் தேடப்போகிறது, இதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. பேசாமல் சைக்கிளை எடுத்தேன். நான்கு நாள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வீடு "இல்லீங்க", தாளுக்குத் தாள் சிலுவை.

அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனிடமிருந்து ஆடி மாசத்துக்கப்புறம் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று எழுதினால் அது பலித்துவிடுமோ என்று ஒரு பயம். வாயைத் திறந்தால் மாட்டிவிடுவேனோ என்று இன்னொரு பயம். தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓடிப்போய்க் கேட்பேன். கடைசியில் மதினியிடம் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன் தம்பி, அவருக்குச் சாவுக்குறி போட்டதைக் கண்ணால பாத்துட்டு, அந்தாளையே பின்னால ஒக்கார வச்சு மிதிச்சுக்கிட்டும் வந்தீங்களாக்கும்?"

அன்று எனக்குச் சோறு போட்டார், ஆனால் முகம் பார்த்துப் போடவில்லை.

மறுநாள் கண்மாய்க் கரையில் சைக்கிளுக்குக் காற்று இறங்கிவிட்டது. நான் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். ஐயா இடிந்த மடையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இந்த ஊரில் வயசு ஆம்பிளைகள் இப்படிச் சாகிறார்களே, ஏதோ கொடிய நோய் இருக்கிறது, தண்ணீரில்தான் இருக்கவேண்டும் என்றார். பஞ்சத்தைப் பற்றி எழுத வந்தவன் நோயைப் பற்றித்தான் எழுதவேண்டும்போல என்றார். டாக்டர்கள் வரவேண்டும், ஊசி போடவேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதப்போகிறாராம். அவர் உட்கார்ந்திருந்ததே அந்த மடையில்தான். ஊரைக் காலி செய்த நோய் அவர் காலடியில் கிடந்தது. ஊசி வந்தால் மடை வராது. மடை வராவிட்டால் அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேர் தோணி ஏறுவார்கள். நானும்கூட ஏறியிருப்பேன்.

பம்பைக் கீழே வைத்தேன். "ஐயா, அவங்க யாரும் சாகலைங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தோணியைச் சொன்னேன். என் அண்ணனைச் சொன்னேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது, ஆனால் என்ன பிரயோசனம், பானை உடைந்துவிட்டது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நான் பொம்பளைங்க முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசறதில்லை" என்றார் மெதுவாக.

"மொகத்தைப் பாக்க வேணாம்யா. கழுத்தைப் பாத்திருக்கலாம்" என்றேன். "அம்புட்டுப் பேரு கழுத்துலயும் தாலி கெடக்கு."

அவர் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. மறுபடி எல்லா வீட்டுக்கும் போகவேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது என்றார். எங்கே போனார் என்று கேட்டால் கதவு சாத்திவிடுவார்கள், கேட்காவிட்டால் செத்தவரும் போனவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். படித்தவர் யோசித்துக்கொண்டே இருந்தார். நான் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"நாளைக்கு வந்தா யாராருக்கு எலை போடுவீங்கன்னு கேளுங்க. செத்தவன் வரமாட்டான். போனவனுக்கு எலை உண்டு. எங்கேன்னு யாரும் சொல்லவும் வேணாம்."

அவர் அதைத் தமிழிலேயே தாளின் தலையில் எழுதிக்கொண்டார். பேர் எழுதிய பகுதியைத் தனியாகக் கிழித்து என் கையிலேயே தந்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

மறுபடி மிதித்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு வீடும் கதவைச் சாத்தவில்லை. கையை விரித்து எண்ணிச் சொன்னார்கள். ஆறு வருஷமாகக் கடிதமே வராத ஒரு அம்மாள் ஒற்றை விரலை மடக்கி "ஒண்ணு" என்றார். ஐயாவின் பேனா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எங்கள் வீட்டில் மதினி என்னைப் பார்க்காமல் ஐயாவிடம் சொன்னார்: "ரெண்டு எலைன்னு எழுதுங்க. அவரு தனியாவா வருவாரு, அங்கிட்டு எவளையாச்சும் சேத்துக்கிட்டுத்தான் வருவாரு." ஐயாவுக்கு எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ஒண்ணு போடுங்க" என்றேன். மதினி அப்போதுதான் சிரித்தார்.

ஊருக்குப் போகும் அன்று பஸ்ஸில் ஏறும் முன்னால் ஐயா பேர்த் துண்டுகளை என்னிடம் கொடுத்தார். காளவாசலா இருந்தது அப்போது? டீக்கடை அடுப்பில் போட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. ஒரு துண்டு அவர் பையிலேயே தங்கியிருந்தால் என்ன செய்வது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மறு வருஷம் அண்ணனை இலங்கையில் பிடித்துவிட்டார்கள். கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். என்னால்தான் என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். வந்தவர் தனியாகத்தான் வந்தார். எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டதற்கு, பீடிக்கு இவர் நெருப்புக் கேட்ட ஆள் போலீஸ்காரனாக இருந்தானாம். நெசமாகவா என்று மூன்று தரம் கேட்டேன். "ஒனக்கு எதுக்குடா இவ்வளவு சந்தேகம்?" என்றார். அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சொல்கிறேன்.

மடை அதற்கப்புறம் சில வருஷத்தில் கட்டினார்கள். எலெக்‌ஷனால் வந்தது என்பார்கள், இருக்கட்டும். கேள்வி ஐயா புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன மாசம் ஒரு கல்லூரிக்காரர் என்னைத் தேடி வந்தார். ஊரைவிட்டுப் போனவர்களை எண்ணுவதற்கு ஐயா கண்டுபிடித்த அருமையான கேள்வி அது என்றார். வேறு நாடுகளில்கூட இலைக்குப் பதில் தட்டு என்று மாற்றி அதைக் கேட்கிறார்களாம். என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, உள்ளூர் உதவியாளர் ஒருவர் என்று இருக்கிறது என்றார்.

ஐயா நல்லவர். கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். என் பேரைப் போட்டால் எனக்கு ஆபத்து வருமென்றே விட்டிருப்பார். இப்போது எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. பிடிக்க வேண்டிய அண்ணனும் இல்லை. அடுத்து அந்தப் புத்தகத்தை அச்சுப்போடுகிறவர்கள் யாராக இருந்தாலும், அந்தக் கேள்வி சைக்கிள் கடைக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று போடவேண்டும். நான்கு நாள் வாயைத் திறக்காமல் ஊரையே சாகக்கொடுத்தவனும் அவன்தான் என்று அதற்குக் கீழேயே போடட்டும். எனக்குச் சம்மதம். இரண்டும் என்னுடையது.