நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

என் அண்ணன் ஏர்கான், அதாவது ஏசி, பழுதுபார்ப்பவன். கிள்ளானிலிருந்து ரவாங் வரை வீடு வீடாகப் போய் வேலை செய்தான். முப்பத்தோராவது வயதில் ஒரு நாள், வேலைக்குப் போன வீட்டில் ஏணியிலிருந்து இறங்கி, உள்ளே யார் தன்னைப் பற்றிப் பேசுவது என்று சத்தம் போட்டிருக்கிறான். வயதான சீன அம்மா ஒருவரைத் தவிர அந்த வீட்டில் ஆளே இல்லை. அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. கிள்ளானில் நாலாவது மாடி ஃப்ளாட்டில் அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இருவர்தான். நான் மேருவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சொன்ன நோய்க்குத் தமிழில் மனச்சிதைவு என்று பெயர். அந்தச் சொல்லை என்னால் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை. சித்தி மட்டும் போன் செய்தாள். "நம்ம வீட்லயும் பொண்ணு இருக்கு. வெளிய சொல்லிடாத லா," என்றாள். பிறகு அவளும் செய்யவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி. நாள் முழுக்கக் காத்திருந்தால் பத்து நிமிடம் கிடைக்கும். போகும்போதெல்லாம் புது டாக்டர். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று முதலிலிருந்து கேட்பார். அண்ணன் ஏர்கானைப் பற்றி மலாயில் சரளமாகப் பேசுவான். ஆனால் அந்தக் குரல்கள் தமிழில் பேசின. அவற்றைப் பற்றிச் சொல்ல அவனுக்குத் தமிழ்தான் வந்தது. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன்.

ஒரு முறை, குரல் இப்போது என்ன சொல்கிறது என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

"சோத்துல விஷம் வைக்கறாளாம். சாப்பிடாதேன்னு சொல்லுது."

"யாருண்ணே?"

"நீதான்."

டாக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார். சாப்பாட்டில் விருப்பம் இல்லை என்கிறார், அவ்வளவுதான் என்றேன் மலாயில். அவர் அதை எழுதிக்கொண்டு பழைய மருந்தையே கொடுத்து அனுப்பினார்.

வெட்கமா, என்னிடமிருந்து அவனைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயமா, தெரியவில்லை. வேலை முடிந்து வந்து, நின்ற கால் நோக அவனுக்கென்று சமைப்பவள் நான். அந்த வாக்கியத்தை இன்னொரு மொழியில் என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சமைத்ததை அவன் தொடவே இல்லை. கடையில் உறை பிரிக்காத ரொட்டி வாங்கித் தின்றான். கன்னம் ஒட்டிப்போனது. ஒரு மத்தியானம் படிக்கட்டில் மயங்கி விழுந்தான். பக்கத்து வீட்டு இந்தோனேசியக்காரரும் நானும் அவனைக் கீழே தூக்கிக்கொண்டு போனோம்.

வார்டில் ஒரு தமிழ் டாக்டரம்மா அவனிடம் நேராகத் தமிழில் பேசினார். பிறகு வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குரல் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"தெரியும் டாக்டர்."

"சொல்லியிருந்தா அப்பவே மருந்த மாத்தியிருப்பாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. பிறகு நானே கேட்டேன்.

"கேன்சருக்குத் தனி ஆஸ்பத்திரி இருக்கு, ஹார்ட்டுக்கு இருக்கு. இந்த வியாதிக்குன்னு ஒரு இடம் வேணாமா டாக்டர்?"

"கண்டிப்பா வேணும். ஒரே டாக்டர் வருஷக்கணக்குல பாக்கணும். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கும்னு ஆராய்ச்சி பண்ணணும். கூட இருக்கறவங்ககிட்டயும் உக்காந்து பேச ஆள் வேணும். உங்ககிட்ட யாராச்சும் பேசினாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதுவரை நான் அழவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் அழுதேன்.

அவர் மருந்தை மாற்றினார். அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டு மாதத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அடுத்த முறை மீண்டும் ஒரு புது டாக்டர், மீண்டும் முதல் கேள்வி. இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம், இந்த நோய்க்குத் தனி மையம் கேட்டு மனு கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவே நேரம் பிடித்தது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். ரயிலில் திரும்பும்போது யாருக்காவது போன் செய்ய வேண்டும்போல் இருந்தது. பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன்.

அண்ணன் இப்போது தேறியிருக்கிறான். குரல்கள் தூரத்தில் கேட்கின்றனவாம். தன் சோற்றைத் தானே வடித்து, தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நான் கூடத்தில் உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிடுவேன். உள்ளே தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை நான் டிவியைப் போடுவதில்லை.