ஒன்பதாவது கட்டம்

பக்கத்து மேசைக்காரர் பகடையைத் துடைத்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து மூன்றே பேர் தொட்ட பகடை. அதில் என்ன அழுக்குச் சேர்ந்திருக்கப் போகிறது? கேட்டால், "வெளாட வர்றவங்க கையில பிசுபிசுன்னு ஒட்டக்கூடாதுல்ல மேடம்" என்பார். துடைத்து முடித்ததும் மேசையின் நடுவில் வைப்பார். பிறகு எதிரே ஆளில்லாமல் கிடக்கும் நாற்காலியை ஒரு சாண் வெளியே இழுத்துவிடுவார். உள்ளே தள்ளியிருந்தால் 'வராதே' என்று சொல்வது போல இருக்குமாம். அரை மணிக்கு ஒருமுறை இது நடக்கும்.

ஆறு வருடங்களாக, காமிக்ஸ் ரசிகர் விழா எங்கே நடந்தாலும் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. நான் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் விற்கிறவள். என் மேசையில் கூட்டம் அலைமோதும். பெருமைக்குச் சொல்லவில்லை, பேட்ஜ் மலிவு, எடுத்தோமா குத்திக்கொண்டோமா என்று போய்விடலாம். அவர் மேசையில் அது முடியாது. உட்கார வேண்டும், யோசிக்க வேண்டும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகமூடியும் முதுகில் அட்டை இறக்கையுமாக ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பிடித்து 'உட்கார்' என்றால் யார் உட்காருவார்கள்?

விழாக்காரர்கள் அவரை 'கட்டம் சார்' என்பார்கள். அவர் ஆட்டமே கட்டத்தில்தான். ஒரு பெரிய தாளில் ஒன்பது கட்டங்கள். கதையில் ஒரு தபால்காரர். கையில் ஒரே ஒரு கடிதம். மழையில் நனைந்து முகவரி கரைந்துபோய்விட்டது. அதைக் கொடுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். கதவைத் திறப்பது யார், என்ன சொல்கிறார் என்பதை எதிரே உட்காருகிறவர் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நம் ஆள் அடுத்த கட்டத்தில் வரைவார். பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது, நேரடியாக மைப்பேனா. ஆளுக்கு ஒரு கட்டம். எட்டுப் பக்கம் சேர்ந்தால் சின்னப் புத்தகமாக அச்சடித்து அதே மேசையில் விற்பார்.

பகடை எதற்கென்றால், ஆறு விழுந்துவிட்டால் சட்டமே வேறு. தபால்காரர் என்ன செய்ய வேண்டும் என்று ஆடுகிறவர் கட்டளையே போடலாம். எதுவானாலும் வரைந்தாக வேண்டும். வரைந்ததை மாற்றக் கூடாது. "மேசையில சொன்னது சொன்னதுதான்" என்று அட்டையில் எழுதியே வைத்திருக்கிறார். ஒரு கல்லூரிப் பையன் ஆறைப் போட்டு, "மொட்ட போடுங்க சார்!" என்று கத்திவிட்டுப் போனான். நாலு புத்தகமாகத் தபால்காரர் மொட்டைத் தலையோடுதான் அலைகிறார். ஒரு பள்ளி ஆசிரியை, பார்க்க எத்தனை சாது, தபால்காரர் காலை உடைத்துவிட்டார். அந்த ஆள் ஒரு புத்தகம் முழுக்கக் கட்டுப்போட்ட காலோடு மாடிப்படி ஏறினார்.

"பாவம் சார், முடியாவது வளர விடுங்க" என்றேன் ஒருநாள்.

"யாரும் வளரச் சொல்லலையே மேடம்" என்றார்.

பறக்க வைத்தார்கள், பாட வைத்தார்கள், நாய்க்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார வைத்தார்கள். கடிதத்தைக் கொடுத்துவிடட்டும் என்று மட்டும் இத்தனை வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. விளையாட உட்கார்ந்தவருக்கு விளையாட்டை முடித்துவைக்கத் தோன்றுமா?

வியாபாரத்துக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத மனிதர். ஒரு தம்பதி வந்து புத்தகத்தைப் புரட்டினால், "மூணாவது பக்கம் சரியா வரலைங்க, கை கோணிருச்சு. பாத்து வாங்குங்க" என்பார். அவர்கள் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். நான் திட்டினால், "நாளைக்கு வீட்ல போய் பாத்துட்டு ஏமாந்துட்டோம்னு நெனப்பாங்கல்ல" என்பார். பொய் சொல்ல வராது அவருக்கு. எத்தனை பேர் விளையாடினார்கள் என்று விழாக்காரர் கணக்கெடுக்க வந்தால் எல்லா மேசைக்காரர்களும் இரண்டால் பெருக்கிச் சொல்வோம். இவர், "ஏழு பேரு. அதுல ஒருத்தரு பாதியில எழுந்துட்டாரு" என்பார்.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. அலமாரி, மின்விசிறி, குழந்தைத் தொட்டில் இவற்றை எப்படிப் பொருத்துவது என்று பெட்டிக்குள் ஒரு தாள் வருமே, அந்தப் படங்களை வரைகிறார். படத்தில் முகமே வராது. திருகாணி பிடிக்கிற கை, பலகையைத் தாங்குகிற கை, கை மட்டும்தான். கம்பெனியிலிருந்து வேலை மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலிலேயே திரும்பிப் போகும். "திங்கக்கிழமைலேர்ந்து வெள்ளி வரைக்கும் நான் குரல் குடுத்துப் பேசவே தேவையில்ல மேடம். சனிக்கிழமை இங்க வந்து மொத ஆளுகிட்ட 'வணக்கம்'னு சொல்றப்ப தொண்ட கட்டியிருக்கும்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டார்! பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார். ஒரே தம்ளர். அதைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதையே மறுபடி கழுவித் தானும் குடித்தார். ஒரு தட்டு, ஒரு தலையணை. சுவரில் மட்டும் கூரைவரை கதவுகள்: விழாக்களில் வரைந்த கட்டங்களை வரிசையாக ஒட்டியிருந்தார். ஒவ்வொரு கதவிலும் யாரோ ஒருவர் எட்டிப் பார்க்கிறார்; ஒவ்வொன்றின் முன்னாலும் அந்தத் தபால்காரர் பையோடு நிற்கிறார்.

"தனியா இருக்கப் போரடிக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"தனியா எங்க மேடம்? இவரு இருக்காரே." சுவரைக் காட்டினார். "வேல முடிஞ்சதும் அடுப்பப் பத்த வெச்சுட்டு, இவரு அடுத்து எந்த வாசல்ல போய் நிப்பாருன்னு யோசிப்பேன். சில நாளு, 'இந்தத் தெருவுல படி ரொம்ப, பாத்து ஏறுங்க'ன்னு சொல்வேன். பொழுது ஓடிரும்."

வீட்டு ஆளைப் பற்றிப் பேசுகிற குரல். ஆறிய காப்பியைச் சூடாக்கித் தருகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். இறங்கி வரும்போது படிகளை எண்ணிக்கொண்டு வந்தேன், வேறெதையும் நினைக்காமல் இருப்பதற்காக.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. வேற்றூரில் குடும்பம் குட்டியோடு இருக்கிறாள். விழா நாளில் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடுவாள். அவர் கையில் மை என்பதால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசவிடுவார், எனக்கும் கேட்கும்.

"சாப்டியாடா?"

"சாப்டணும்க்கா."

"எத்தன பேரு வந்தாங்க?"

"மூணு பேரு."

"சரி விடு. மூணு பேரும் நல்லா வெளாண்டாங்களா?"

"நல்லா வெளாண்டாங்கக்கா. ஒரு அம்மா கதவத் தொறந்து, 'எங்க வீட்டுக்கு லெட்டர் வந்து இருவது வருஷமாச்சு, உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க."

"உனக்குன்னு கதவத் தொறக்க ஒரு ஆளு வேணாமாடா? நானும் எத்தன வருஷமா கேக்கறேன்…"

"ஆளு வந்துட்டாங்க, வெச்சுடறேன்க்கா" என்று சொல்லத் தெரிந்தவரா அவர்? "யாரும் வரலக்கா, சும்மாதான் இருக்கேன், சொல்லு" என்பார். அவள் சொல்வதை முழுக்கக் கேட்பார்.

இந்தப் பேச்சுதான் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் நடந்த விழாவின் கடைசி நாள். பன்னிரண்டாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம். எட்டுக் கட்டம் நிறைந்துவிட்டது, ஒன்பதாவது காலி. யாரோ பெரிய நடிகர் வந்திருக்கிறார் என்று பக்கத்து அரங்குக்குக் கூட்டம் மொத்தமும் ஓடிவிட்டது. எங்கள் அரங்கில் நாங்களும் எங்கள் மேசைகளும்தான். அவர் பகடையைத் துடைத்தார், நாற்காலியை இழுத்துவிட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது.

"நீங்களே எதையாவது வரைஞ்சு முடிங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"நானே சொல்லி நானே வரைஞ்சா அது வெளாட்டு இல்லையே மேடம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஒரு கட்டம் ஆடறீங்களா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். நானும் ஒருநாளாவது உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. வியாபாரம் வியாபாரம் என்று இருந்துவிட்டேன். எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆயிரம் தடவை என் காதில் விழுந்த விதிகளை எனக்கு முதலிலிருந்து சொன்னார், ஒன்றுகூட விடாமல். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பகடையை உருட்டினேன்.

ஆறு.

"அடேங்கப்பா!" என்று கைதட்டினார். "சொல்லுங்க மேடம், என்ன பண்ணணும் இவரு?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு. "போதும் சார், பன்னெண்டு புத்தகமா அலைஞ்சுட்டாரு. இந்தக் கதவுதான் சரியான கதவு. லெட்டரக் குடுத்துரட்டும். தொறக்கறவங்க, 'இத்தன நாளா உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தேன், உள்ள வாங்க'ன்னு சொல்லட்டும். பைய ஆணியில மாட்டிட்டு இங்கயே இருந்துரட்டும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"லெட்டரக் குடுத்துட்டா கதை முடிஞ்சிருமே" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒற்றை அறையும், கூரைவரை இருந்த கதவுகளும் கண்முன்னால் வந்தன. சுவரிலிருந்த ஆளுக்கு நான் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன். இவர் திங்கட்கிழமை யாரிடம் போய் 'பாத்து ஏறுங்க' என்று சொல்வார்? மடச்சி, மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஐயோ, தெரியாம சொல்லிட்டேன் சார். வேற சொல்றேன். யானை வரட்டும். மறுபடி கால ஒடைச்சிரலாம்…"

"இல்ல மேடம்." அட்டையைப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். நல்ல முடிவு. யாரும் இப்படிச் சொன்னதே இல்ல."

பேனாவைத் திறந்தார். நான் எழுந்திருக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் படிகளை வரைந்தார். பிறகு நிலை, கதவு. திறந்த கதவில் ஒரு பெண், பாதிச் சமையலில் எழுந்து வந்த மாதிரி, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி. அவளுடைய இன்னொரு கை நீண்டிருந்தது. இந்தப் பக்கம் தபால்காரரின் கை நீண்டது. கை வரைவதில் அவரை யார் மிஞ்ச முடியும்? விரல்களின் கணுக்கள்கூடத் தெரிந்தன. கொடுக்கிற கை, வாங்குகிற கை; நடுவில் இரண்டு விரற்கடை வெள்ளை. கடிதம் ஒன்றுதான் பாக்கி. நாலு கோடு.

பேனா அந்த வெள்ளைக்கு மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பக்கத்து அரங்கில் நடிகரைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்த சத்தம் கேட்டது.

"மை தீந்துருச்சு மேடம்" என்றார்.

மதியம்தான், என் கண்ணெதிரே, புட்டியைச் சாய்த்துப் பேனாவின் கழுத்துவரை நிரப்பியிருந்தார். நான் தலையாட்டினேன். "அதனால என்ன சார், அடுத்த விழாவுல பாத்துக்கலாம்" என்றேன்.

"ஆமா, அடுத்த விழாவுல" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் தாளைச் சுருட்டத் தொடங்கினார். வலது கையை மேசைக்குக் கீழே இறக்கியிருந்தார். நான் எழுந்தபோதுதான் பார்த்தேன், அங்கே பேனாவின் முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்திருந்தார். விரல் நகத்திலிருந்து கணுவரை கறுத்துக்கொண்டே வந்தது.