லிப்ட்காரர் செய்த பெடல்

லிப்ட்காரர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிப்ட் கதவு மூடும் சத்தத்தைக் கேட்பார். கேட்ட பிறகுதான் ஏறுவதா, படியில் போவதா என்று முடிவாகும். அவரோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மலையேறுகிற மாதிரி என்று அவர் மனைவி சொல்வாள். பாதி வாழ்க்கையை லிப்டுகளைப் பழுது பார்ப்பதிலேயே கழித்தவர். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் தொழில். வீட்டிலும் அதை விடவில்லை. குக்கரின் சத்தம் கொஞ்சம் மாறினால் அடுப்பை அணைத்துவிடுவார். பல நாள் சோறு அரைவேக்காடு.

மனைவி வீட்டிலிருந்தபடியே ஓர் ஆஸ்பத்திரிக்கு டைப் செய்துகொடுத்தாள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். ஒருவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். ஒருவர் மருந்தின் பெயர் வரும்போது சரியாகக் கொட்டாவி விடுவார். புரியாத இடம் வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்க வேண்டும். புரியாத இடங்களே அதிகம். கை போய்ப் போய் வந்ததில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பட்டைத்துணி சுற்றிக்கொண்டு அடித்துப் பார்த்தாள். வலி அடங்கவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, திங்கட்கிழமை ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரி மேலாளரிடம் சொல்லியும் வைத்தாள். சொன்ன பிறகு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

லிப்ட்காரர் ஒரு பெடல் செய்ய ஆரம்பித்தார். காலால் மிதித்தால் பதிவு கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பேசும். கை கீபோர்டை விட்டு அசைய வேண்டாம். தீப்பெட்டியளவு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கினார். யுஎஸ்பியில் சொருகினால் கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டு என்று நம்பிவிடும். பெடலை மிதித்தால், மேல்வரிசையில் உள்ள எஃப் ஒன் பட்டனைத் தட்டியதாக அது சொல்லும். மனைவியின் டைப்பிங் புரோகிராமில் பதிவைப் பின்னால் கொண்டுபோவது அந்தப் பட்டன்; மற்ற இடங்களில் உதவி ஜன்னலைத் திறப்பதும் அதுதான். போர்டுக்கான புரோகிராமை இணையத்தில் யாரோ ஒருவன் எழுதி வைத்திருந்தான். அதை அப்படியே போட்டார். சுவிட்சும் கம்பியும் மட்டும் அவர் கைவேலை. லிப்டில் போடுகிற கனத்த சுவிட்ச். யானை மிதித்தாலும் தாங்கும்.

சொருகினார். மவுஸ் அம்பு நின்றது. திரை நீலமானது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. மனைவி அடித்துச் சேமிக்காமல் வைத்திருந்த அரைப்பக்கம் போயேபோய்விட்டது.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. சொருகினேன்."

"அதைத்தான் கேக்கறேன்."

கேபிளை மாற்றினார். வேறு துளையில் சொருகினார். பற்றவைத்த இடத்தையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். ஒவ்வொரு முறையும் நீலம். கேபிளோடு அவர் அறைக்குள் வரும் சத்தம் கேட்டாலே மனைவி அவசரமாகச் சேமித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியை வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன்.

"என்ன மாமா, லிப்டை விட்டுட்டு என் பொழப்புல கை வைக்கறீங்க?"

"உன் பொழப்புல எங்க வச்சேன் மாப்ளே. உங்க அக்கா கம்ப்யூட்டர்ல வச்சேன்."

"அது அதைவிட ஆபத்தாச்சே." பெடலைத் தூக்கிப் பார்த்தான். "அக்காவோட கம்ப்யூட்டர் கிழடு மாமா. தும்மினாலே படுத்துக்கும். இருங்க, என் லேப்டாப்ல காட்டறேன். இது கல்லு."

சொருகினான். திரையில் 'உதவி' என்ற தலைப்போடு ஒரு ஜன்னல் திறந்தது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. சீட்டுக்கட்டை விசிறியதுபோல உதவி மேல் உதவியாகக் கொட்டியது. லேப்டாப்பின் விசிறி அலற ஆரம்பித்தது. பிறகு எல்லாம் உறைந்தது.

"கழட்டுங்க மாமா. மொதல்ல கழட்டுங்க."

"கல்லுன்னியே."

"போர்டு போலி. எங்க வாங்கினீங்க இதை?"

"போர்டை ஏன் சொல்றே? உன் லேப்டாப் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் மனைவி. அவள் உறைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ஒருநாள் டிக்ஷனரியைக் கீபோர்டு மேல வச்சுட்டு எழுந்து போயிட்டேன். வந்து பார்த்தா இதே கூத்துதான். யாரோ பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க."

"யார் பிடிக்கறது? பெடல்ல யாரும் காலே வைக்கலையே அக்கா."

"அப்ப வச்சுப் பார்ப்போம்."

லேப்டாப்பை மறுபடி எழுப்பினார்கள். அவள் பெடலை மிதித்துக்கொண்டாள். தம்பி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு சொருகினான். ஒன்றும் ஆகவில்லை. அவள் காலை எடுத்தாள். உதவி, உதவி, உதவி. கால் வைத்தாள். நின்றது.

"கால் வச்சா சமத்தா இருக்கு. எடுத்தா ஒப்பாரி வைக்குது. நாள் பூரா மிதிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

லிப்ட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லிப்டில் கதவுக்கு ஒரு சுவிட்ச், கயிற்றுக்கு ஒன்று, கடைசி மாடிக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே கம்பியில் கோத்திருக்கும். சும்மா இருக்கும்போது அவை மூடியிருக்கும், மின்சாரம் ஓடும். ஓடுகிறவரை எல்லாம் நலம். கதவு திறந்தாலோ, எலி கம்பியைக் கடித்தாலோ ஓட்டம் அறும், லிப்ட் நிற்கும். பெடலையும் அவர் கை பழக்கதோஷத்தில் அப்படியே கட்டிவிட்டது. புரோகிராம் எழுதியவனுக்கு லிப்ட் தெரியாது. மின்சாரம் ஓடினால் மிதித்திருக்கிறார்கள் என்பது அவன் கணக்கு. சொருகிய நொடியிலிருந்து போர்டு, மிதிக்கிறார்கள் மிதிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"அவ்வளவுதானா?" என்றான், அவர் சொன்னதைக் கேட்ட மைத்துனன். "சுவிட்ச்ல இன்னொரு ஸ்க்ரூ இருக்கில்ல, கம்பியை அதுக்கு மாத்துங்க. சும்மா இருக்கும்போது ஓடாது. மிதிச்சா ஓடும்."

"மாத்த முடியாது."

"ஏன், இறுகிப்போச்சா?"

"தப்பு மாப்ளே. அப்படிக் கட்டினா கம்பி அறுந்தாக்கூடத் தெரியாது. மிதிப்பாங்க, ஒண்ணும் நடக்காது. இதுக்காகவே ஒருத்தனை வேலையை விட்டு அனுப்பியிருக்கேன்."

"சரி, கம்பியைத் தொட வேணாம். புரோகிராமைத் தலைகீழாப் போடறேன். ஓட்டம் நின்னா மிதிச்சதா அர்த்தம்."

"அது முறை."

"கம்பி அறுந்தா?" என்றாள் மனைவி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அறுந்தால் ஓட்டம் நிற்கும். நின்றால் மிதித்ததாக அர்த்தம்.

"உங்க முறைப்படி கட்டினா, அறுந்த அன்னிக்கு என் கம்ப்யூட்டர் சாகும். அவன் மொதல்ல சொன்னபடி கட்டினா பெடல் மட்டும் சாகும். எதுங்க பத்திரம்?"

"லிப்ட்ல..."

"இதுல ஏறி யாரும் ஆறாவது மாடிக்குப் போகப்போறதில்லை. டாக்டர் நாலு வார்த்தை பின்னால போவார். அவ்வளவுதான்."

அவர் வெகுநேரம் சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கம்பியைக் கழற்றி அடுத்த ஸ்க்ரூவில் முடுக்கினார்.

மனைவி தன் கிழட்டுக் கம்ப்யூட்டரிலேயே சொருகினாள். திரை அசையாமல் இருந்தது. ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். மிதித்தாள். முழங்கால் திரும்பி வந்தது. இன்னொரு முறை மிதித்தாள். இரண்டு கையும் கீபோர்டின் மேலேயே இருந்தன. அந்தப் பதிவு முடியும்வரை அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி சொல்லிக்கொண்டு கிளம்பியதுகூட அவள் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. ஏதோ சொல்லணும்னீங்களே என்று மேலாளர் கேட்டார்.

"ஆமா சார். டாக்டருங்களைக் கொஞ்சம் நிதானமாப் பேசச் சொல்லுங்க" என்றாள்.

வேலைக்குக் கிளம்பியிருந்த லிப்ட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, மேசைக்கு அடியில் புகுந்தார். பெடலின் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவி, மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க அங்க?"

"ஒண்ணுமில்லை. இன்னிக்கு அறுந்து போகலை."