பேசி முடித்தால் முடிந்துவிடுமா?

இரண்டு வாரத்துக்கு முன்னால் சேந்தமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். வலது கையில் ஈரம் காயாத மாவுக்கட்டு. எங்கள் மலையில் ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்தான். சின்னப் பிள்ளை என்பதால் சொந்தப் பெயரைப் போட மாட்டேன். பூவிழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யாரு கண்ணு தள்ளுனது?" என்று கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லு சாமி. ஒண்ணும் ஆகாது."

"எடுத்துப் பேசக் கூடாதுன்னு நீங்கதானுங்க மாமா சொன்னீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஆமாம்... நான்தான் சொன்னேன். எப்போது, எதற்கு என்று சொல்கிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வருஷம் பூவிழி ஒன்பதாம் வகுப்பு லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் சத்தம் போடுகிறவர்களின் பெயரை போர்டில் எழுதுவது அவள் வேலை. ஒரு பையன் பெயரை எழுதினாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பையன் காம்பஸ் முனையால் அவள் தோளில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம்.

பள்ளிக்கூடத்து எச்.எம். டீச்சர் அதிகாரிகளுக்கு எழுதுவதற்காக உடனே பேப்பரை எடுத்துவிட்டார். ஊரே பதறி ஓடியது. முன்னால் ஓடியவன் நான்.

"டீச்சர், கீழ இருந்து அதிகாரிங்க ஜீப்பு ஏறி வந்தா ஊரு மானம் என்னத்துக்கு ஆகும்? ரெண்டும் பச்சப் புள்ளைங்க. நாங்களே பேசி முடிச்சுக்கறோமுங்க."

டீச்சர் எவ்வளவோ சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் அவர் எழுதிய தாளை அவர் கையாலேயே கிழிக்க வைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஊர்க்கூட்டத்தில், கோயில் முன்னால் வெற்றிலை மாற்றிக்கொண்டால் விஷயம் முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் எடுத்தவர்தான் குற்றவாளி. ஊருக்கு ஒரு ஆடு கொடுக்க வேண்டும்.

வரப்புத் தகராறுக்கு இது அருமையான ஏற்பாடு. பலா மரம் யாருடையது என்கிற சண்டைக்கும் சரிதான். கோர்ட், வக்கீல் என்று அலைய வேண்டியதில்லை. இதை மெச்சி இதே பக்கத்தில் நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

அதைத்தான் அந்தப் பிள்ளைகளின் தலையிலும் கட்டினோம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். "இன்னியோட இது முடிஞ்சுது. இனி எடுத்தவங்க குத்தம்."

பையன் பெரியவர்கள் காலில் விழுந்தான். அப்பாக்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். டீ வந்தது.

குத்துப்பட்ட பெண்ணிடம் ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அதே பஸ்ஸில்தானே ஏற வேண்டும்? இது எங்கள் யாருடைய மண்டையிலும் ஏறவில்லை.

பின்சீட்டிலிருந்து முடியை இழுப்பான். புத்தகப் பையை ஜன்னல் வழியாக வீசுவான். "போய்ச் சொல்லு பாக்கலாம்" என்பான். அவளால் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். நாங்கள்தானே வாயைக் கட்டிக் கொடுத்தோம்?

இதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல சாமி?"

"சொன்னா ஆடு குடுக்கோணுமில்லீங்க மாமா? எங்க ஊட்டுல இருக்கறதே ரெண்டு ஆடுதானுங்க."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அவள் பஸ்ஸில் போவதை விட்டாள். நடக்க ஆரம்பித்தாள். ஏற்றமும் இறக்கமுமாக ஒரு மணி நேர நடை. ஒரு நாள் தூறலில் அவளைப் பார்த்து பைக்கை நிறுத்தினேன்.

"ஏங்கண்ணு, பஸ்ஸுல போகலியா?"

"நடந்தா நல்லாருக்குதுங்க மாமா. காத்து நல்லா வருது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்... படித்திருப்பீர்கள். பஸ் இருந்தும் நடந்து பள்ளிக்கூடம் போகிற மலைப்பெண் என்று ஒரு பத்தி எழுதினேன். நகரத்துப் பிள்ளைகளே, இவளைப் பாருங்கள் என்று உபதேசம் வேறு. கடிதங்கள் குவிந்தன. வெட்டி வைத்துக்கொண்டதாகச் சிலர் எழுதினீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் விட்டார்கள்.

தினமும் அதைத் தாண்டித்தான் அவள் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

அரையாண்டுப் பரீட்சை அன்று விடாத மழை. பனிமூட்டத்தில் ரோடே தெரியவில்லை. பரீட்சைக்கு நேரமாகிவிடுமே என்று வேறு வழியில்லாமல் பஸ் ஏறியிருக்கிறாள். அவன் இருந்தான். ஸ்டாப்பில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒரே தள்ளு. எழுதுகிற கை.

கண்டக்டரைக் கேட்டேன். "பாத்தேனுங்க. முன்னாடி முடிய இழுக்கறதும் பாத்திருக்கேன். ஆனா உங்க ஊர்ல பேசி முடிச்ச விசயமுன்னாங்க. நடுவுல நான் எதுக்குங்க?"

அவளுடைய அப்பாவிடம், "புகார் எழுதிக் குடுத்துரலாம்" என்றேன்.

"வெத்தல மாத்துன கையிங்க இது. நானெப்படி எடுக்கறது? போதுமுங்க அவ படிச்சது. கை கூடுனதும் மொளகு பறிக்கட்டும்."

குத்தியவன் பரீட்சை எழுதுவான். குத்துப்பட்டவள் மிளகு பறிப்பாள். இதுதான் நான் சொன்ன தீர்ப்பின் அழகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊர் கூடியது. தட்டில் வெற்றிலை தயாராக இருந்தது. "நீங்களே பேசி உட்டுருங்க" என்றார் பையனின் சித்தப்பா.

எழுந்தேன். "போன வருசத்து விசயத்த எடுக்கறேன். எடுக்கறது நான். குத்தம் எனக்கு. ஆட்ட நான் கட்டறேன். பூவிழி அப்பா புகார் குடுப்பாரு."

எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போன வருசம் பேசுன வாயி எங்கீங்க போச்சு?"

"அதே வாய்தான். அன்னிக்குத் தப்பாப் பேசுச்சு."

"பேப்பர்ல எழுத மேட்டர் கெடைக்கலீங்களா? எங்க ஊட்டு மானந்தான் கெடச்சுதா?"

ஆட்டைக் கட்டினேன். குழம்பு நன்றாக இருந்ததாம். எனக்கு யாரும் இலை போடவில்லை.

திங்கட்கிழமை பூவிழியின் அப்பாவோடு எச்.எம். டீச்சரிடம் போனேன். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் தாளை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் நான் எழுதினதைக் கிழிக்க வச்சீங்க. இன்னைக்கு எழுதிக் கொண்டுவந்து தர்றீங்க. நடுவுல ஒரு கை உடையணுமா சார்?"



அதிகாரிகள் வந்தார்கள். பையனைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தார்கள். "அதுதான் முடிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டானாம். திமிர் என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் நிஜமாகவே நம்பியிருக்கிறான். ஒருத்தியைக் குத்தினால் ஒரு தடவை காலில் விழுந்து ஒரு வெற்றிலை கொடுத்தால் போதும் என்று பதினாலு வயதில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவனையும் சேர்த்துத்தான் கெடுத்தோம்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அமைதி. யாரும் வாய் திறக்கவில்லை என்றால் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டோம். உங்கள் ஊரில் வெற்றிலை இருக்காது. "ஸ்கூல் பேர் கெட்டுடும்", "பெரிசு பண்ணாதீங்க" என்கிற வசனம் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

இதை எழுதுகிற இன்றுவரை பூவிழி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. இனி பஸ்ஸில் ஒரு டீச்சர் கூடவே வருவார் என்று போய்ச் சொன்னேன். "பாக்கலாமுங்க" என்கிறார் அவளுடைய அப்பா. பூவிழி இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

நேற்று நோட்டீஸ் போர்டிலிருந்து என் பத்தியைக் கிழித்து எறிந்தேன். வெட்டி வைத்திருப்பவர்களும் எறிந்துவிடுங்கள்.

அந்தப் பெண் காற்று வாங்க நடக்கவில்லை.